மருமகளின் பந்தய சைக்கிள்



இம்மாதம் நான் எடுத்துக் கொண்ட விஷயத்தைக் கண்டு, "மௌலவிக்கு என்ன நடந்தது?" என்று உங்களில் சிலர் கேட்கக் கூடும். சைக்கிளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதுவும் தினமும் பாடம் நடத்தப் போகையில் நான் மிதித்துச் செல்லும் பழைய லுமாலாவைப் பற்றியல்ல. நீந்தி, சைக்கிளோட்டி, அதன்பின் ஓடி முடிக்கும் ட்ரையத்லன் என்ற போட்டிக்கென்றே செய்யப்பட்ட, பார்வைக்கு வெட்டுக்கிளியைப் போலிருக்கும் ஒரு வகைச் சைக்கிளைப் பற்றி. இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லி விடுகிறேன்.

என் மூத்த ராத்தாவின் மகள் திருமணம் முடித்து மெல்பனில் இருக்கிறாள். 2018 பெப்ரவரியில் விடுமுறைக்கு இங்கு வந்திருந்தபோது கொழும்பில் அயன்மேன் 70.3 என்ற போட்டி நடந்தது. 1.9 கிலோ மீற்றர் நீச்சல், 90 கிலோ மீற்றர் சைக்கிள், 21.1 கிலோ மீற்றர் ஓட்டம். மூன்றையும் மைல் கணக்கில் கூட்டினால் 70.3 வரும், பெயரும் அதனால் வந்ததுதான். காலிமுகத்திடல் பக்கம் வேடிக்கை பார்க்கப் போனவளின் மனதில் அது விழுந்து விட்டது. இரண்டு பிள்ளைகளைப் பெற்று, அவர்களைப் பாடசாலைக்கு அனுப்பும் வயதாக்கிய பிறகு, கணவரின் சம்மதத்தோடும் உற்சாகத்தோடும் நீச்சல் பழகினாள், ஓடப் பழகினாள். சென்ற வருடம் ஒரு ட்ரையத்லன் சைக்கிளையும் வாங்கினாள். புதியதல்ல, யாரோ பாவித்தது.

ராத்தா மகளோடு மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று மெல்பன் போனார். போன முதல் வாரத்திலேயே ஒரு விஷயத்தை அவதானித்தார். முப்பது வயதுப் பிள்ளை, நோய் நொடி இல்லாதவள், கதிரையில் அமர்ந்து தொழுகிறாள்! "ஏன் மகள்?" என்று கேட்டதற்கு, "முதுகு வலி உம்மா" என்றாள். முதுகு வலிக்காரியின் நடையும் குனிந்து நிமிர்வதும் எப்படியிருக்கும் என்று நான்கு பிள்ளை பெற்ற ராத்தாவுக்குத் தெரியாதா? இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் குசினியில் வைத்து மெதுவாகக் கேட்டார். பிள்ளை அழுது விட்டாள்.

சைக்கிளின் சீட் பட்ட இடத்தில் புண். அதற்கு முன்பு மூன்று மாதமாக, அரை மணித்தியாலம் மிதித்தால் அவ்விடம் மரத்துப் போய்விடும். இறங்கிய பின்னும் வெகு நேரத்துக்கு உணர்வு வராது. இதைக் கணவரிடமும் சொல்லவில்லை, டொக்டரிடமும் சொல்லவில்லை. ஆரம்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக் கொண்டிருக்கிறாள்.

அன்றிரவே ராத்தா எனக்கு அழைப்பு எடுத்தார். "தம்பி, நீ மௌலவி. நீ சொன்னால் கேட்பாள். அந்தச் சைக்கிளை விற்கச் சொல்."

சகோதரிகளே! நான் விற்கச் சொல்லவில்லை. பிள்ளை செய்தது தவறான காரியம் என்று எனக்குப் படவில்லை, சைக்கிள்தான் தவறாக இருக்கிறது என்று பட்டது. மறுநாள் அவளோடு கதைத்தபோது, "மாமா, இதை உங்களோடு நான் எப்படிப் பேசுவது?" என்றாள். "என்னோடு பேச வேண்டாம் மகள். முதலில் புண்ணை ஒரு பெண் டொக்டரிடம் காட்டு. ஆறிய பிறகு, சைக்கிளை உடம்புக்குப் பொருத்தித் தரும் ஒரு பெண்ணைத் தேடிப் போ" என்றேன். அன்சாரிப் பெண்கள் மார்க்கத்தைக் கற்றுக் கொள்வதற்கு வெட்கத்தைத் தடையாக்கிக் கொள்ளவில்லை என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அவர்களைப் பாராட்டியதை நாம் மேடைகளில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்! உடம்பின் நோவைச் சொல்ல மட்டும் நம் பெண் பிள்ளைகளுக்கு வாய் வருவதில்லை. இதில் குறை அவர்களிடம் மாத்திரம் இல்லை, கேட்கும் எங்களிடமும் இருக்கிறது.

அதன் பிறகு நடந்தவை ராத்தா வழியாகவும், மருமகனின் வாட்ஸ்அப் வழியாகவும் எனக்கு வந்தவை. எனக்கும் விஷயம் பிடித்துப் போய் நிறைய வாசித்தேன். உங்கள் மகளோ மகனோ வெளிநாட்டில் இப்படியொரு சைக்கிளை வாங்கலாம். இங்கேயும் வாங்குகிறார்கள். நீங்களே வாங்கலாம். ஆகவே விளங்கிக் கொண்ட அளவு சொல்கிறேன்.

முதலில் இந்தச் சைக்கிள் ஏன் இப்படி இருக்கிறது என்று பார்ப்போம். சமதரையில் வேகமாகப் போகிறவரின் பலத்தில் பெரும் பகுதி காற்றைப் பிளப்பதற்கே செலவாகிறது. காற்றில் அதிகம் மோதுவது சைக்கிளை விட, அதில் இருக்கும் மனித உடம்புதான். எனவே உடம்பைத் தாழ்த்தி, கைகளை ஒடுக்கி முன்னால் நீட்டினால் காற்றின் தடை குறையும். 1989 இல் பிரான்சைச் சுற்றும் பெரும் சைக்கிள் ஓட்டத்தின் கடைசி நாளில் இதை உலகமே கண்டது. அமெரிக்கரான கிரெக் லெமொண்ட் 50 செக்கன் பின்தங்கியிருந்தார். மீதமிருந்தது வெர்சாய் நகரிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோ மீற்றர் மாத்திரமே. ட்ரையத்லன்காரர்கள் அதற்கு முன்பே பாவித்து வந்த, முழங்கையை ஊன்றிக் கொள்ளும் நீட்டுக் கம்பிகளைத் தன் ஹேண்டிலில் பூட்டிக் கொண்டு போனார். முழு ஓட்டத்தையும் 8 செக்கன் வித்தியாசத்தில் வென்றார்!

அக்கம்பிகளை ஒரு சாதாரண பந்தய சைக்கிளில் பூட்டினால் இன்னொரு தொல்லை வரும். உடம்பு முன்னால் மடியும், மிதிக்கும் ஒவ்வொரு முறையும் தொடை வந்து வயிற்றில் முட்டும். கலிபோர்னியாவைச் சேர்ந்த டான் எம்ஃபீல்ட் என்பவர் 1989 இல் இதற்கு வழி கண்டார். சாதாரண பந்தய சைக்கிளில் சீட்டைத் தாங்கும் குழாய் 73 பாகை அளவில் பின்னால் சாய்ந்திருக்கும். அவர் அதை 80 பாகைக்குக் கிட்ட நிமிர்த்தினார். சீட் முன்னுக்கு வந்தது. முழு உடம்பும் பெடலைச் சுற்றி முன்னால் உருண்டது போல் ஆனது. இடுப்புக்கும் தொடைக்கும் இடையிலான கோணம் மூடவில்லை. அவரது குயின்டானா ரூ நிறுவனத்தின் அந்தச் சைக்கிள்தான் இன்றைய ட்ரையத்லன் சைக்கிள்களுக்கெல்லாம் மூத்த ராத்தா என்று வைத்துக் கொள்ளுங்கள்.

நன்மை வந்தது போல ஒரு தொல்லையும் கூடவே வந்தது. நாம் கதிரையில் நிமிர்ந்து அமரும்போது பின்பக்கத்தின் அடியிலுள்ள இரண்டு எலும்புகள் பாரத்தைத் தாங்குகின்றன. வீட்டுச் சைக்கிளிலும் அப்படித்தான். ஆனால் முன்னால் மடிந்து முழங்கையை ஊன்றியவுடன் இடுப்பெலும்பு முன்பக்கம் உருளுகிறது. பாரம் அவ்விரு எலும்புகளை விட்டு முன்னுள்ள மென்மையான இடத்துக்கு மாறுகிறது. அவ்விடம் பாரம் தாங்குவதற்குப் படைக்கப்பட்டதல்ல. அங்கே நரம்பும் இரத்தக் குழாயும் நசுங்கினால் மரத்துப் போகும். உராய்வும் வியர்வையும் சேர்ந்தால் புண் வரும். ஆண்களுக்கும் இது உண்டு. அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் பொலிஸ்காரர்களை வைத்து அரசாங்க ஆராய்ச்சியாளர்களே பார்த்து, 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். முன்னால் மூக்கு இல்லாத சீட்டை ஆறு மாதம் பாவித்த பிறகு, மரத்துப் போகிறது என்று சொன்னவர்களின் தொகை பெரிதும் குறைந்து விட்டது. சைக்கிளோட்டியின் உடம்பு "பழகிப் போக" வேண்டும் என்று சொல்கிறவர்களுக்கு இதுவே போதிய பதில். தசை பழகும், கழுத்து பழகும். நசுங்கும் நரம்பு பழகாது.

இனி, மெல்பனில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஒரு பெண், உடற்பயிற்சிச் சிகிச்சை படித்தவர், சைக்கிளைப் பொருத்திக் கொடுப்பதையும் தொழிலாகச் செய்கிறார். ராத்தாவும் கூடவே போயிருந்தார். சைக்கிளை அசையாமல் ஓரிடத்தில் பூட்டி, பின் சில்லை மட்டும் சுழல விட்டு, மருமகளை ஏற்றிப் பத்து நிமிடம் மிதிக்க விட்டு ஒன்றும் பேசாமல் பார்த்துக் கொண்டே இருந்தாராம். அதன்பின் முதல் கேள்வி: "எங்கே வலிக்கிறது, எத்தனையாவது நிமிடத்தில் வலிக்கத் தொடங்குகிறது?" விற்ற கடைக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கடையின் பெயர் நமக்கு வேண்டாம். அளவுக்கு மீறி உயரமான ஒருவர் பாவித்த சைக்கிளை, ஐந்தடி மூன்றங்குலப் பிள்ளைக்கு சீட்டை மட்டும் பதித்துக் கொடுத்து அனுப்பி விட்டார்கள்.

முதலில் சீட். எல்லாம் அதிலிருந்துதான் தொடங்க வேண்டுமாம், ஏனென்றால் ஹேண்டிலைத் திருத்திய பிறகு சீட்டைத் தொட்டால் திருத்தியதெல்லாம் வீண். உயரம் பார்க்க நீங்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு வழி இருக்கிறது. சீட்டில் அமர்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். முழங்கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. பின்பு வழமை போல் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் அளவாக மடிந்திருக்கும். மருமகளின் சீட் அப்போதும் அரை அங்குலத்துக்கு மேல் உயர்வு. அதனால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடியிருக்கிறது. அந்த ஆட்டந்தான் தோலை உராய்ந்து புண்ணாக்கியது! சீட் உயர்ந்தால் முழங்காலுக்குப் பின்புறம் வலிக்கும், தாழ்ந்தால் முன்புறம் வலிக்கும் என்பது பொதுவான அடையாளம்.

அடுத்து அதன் வடிவம். பழைய சொந்தக்காரர் வைத்திருந்தது ஒடுங்கிய நீள மூக்குச் சீட். அதைக் கழற்றி விட்டு, மூக்கு இரண்டாகப் பிளந்து நடுவில் வெறுமையாக இருக்கும் ஒன்றைப் பூட்டினார். இதில் பின்னால் நிறைய அமரக் கூடாது, முன் விளிம்பில் இருந்தால்தான் அதன் பயன் கிடைக்கும். பெண்களுக்கு எல்லாம் மெத்தென்ற தடித்த சீட் நல்லது என்று நானும் நினைத்திருந்தேன். அப்படியல்லவாம். மெத்தை அதிகமானால் எலும்பு அதில் புதைந்து, நடுவிலுள்ள பஞ்சு மேலெழுந்து வேண்டாத இடத்தையே அழுத்தும். எந்தச் சீட் யாருக்குச் சரி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அவர் மூன்றை மாற்றி மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்க்க விட்டார். வாங்கும் முன் ஒரு வாரம் இரவல் தரும் கடைகளும் உண்டு, கேட்டுப் பார்ப்பதில் வெட்கமில்லை.

சாய்வும் முக்கியம். மூக்கு மேல் நோக்கினால் கதை முடிந்தது. மட்டமாக வைக்க வேண்டும், அல்லது ஒன்று இரண்டு பாகை கீழே இறக்கலாம். வலிக்கிறதே என்று இன்னும் இறக்கினால் உடம்பு முன்னால் வழுக்கும். வழுக்காமல் இருக்கக் கையை ஊன்றுவீர்கள், தோளும் கழுத்தும் பிடித்துக் கொள்ளும். ஓரிடத்து வலியை இன்னோரிடத்துக்குக் கொடுத்த மாதிரித்தான்!

பிறகு முழங்கை. இச்சைக்கிளில் நீட்டுக் கம்பிகளுக்குப் பின்னால் இரண்டு சிறிய மெத்தைகள் இருக்கும். முன்கை அதில் ஊன்றும். ஊன்றுமிடம் முழங்கை மூட்டுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மேற்கை தோளிலிருந்து ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கி, எலும்பின் மேல் எலும்பாகப் பாரம் நிற்க வேண்டும். அப்போது தசை ஓய்வாக இருக்கும். சுவரில் கை நீட்டிச் சாய்ந்து நிற்பதற்கும், மேசையில் முழங்கையை ஊன்றி இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணிப் பாருங்கள். மருமகளுக்கு மெத்தைகள் மிகத் தூரத்தில் இருந்தன. எட்டுவதற்காகச் சீட்டின் நுனிக்கு இழுபட்டு இழுபட்டுப் போயிருக்கிறாள். இரண்டு சென்றி மீற்றர் பின்னால் இழுத்தார்கள். ஒடுங்கிப் போயிருந்த இடைவெளியைத் தோள் அகலத்துக்கு விரித்தார்கள்.

உயரத்தில்தான் பிள்ளையோடு வாக்குவாதம். படங்களில் பார்க்கும் வீரர்கள் தலை கீழே, முதுகு தட்டையாக ஓட்டுகிறார்கள், தானும் அப்படி இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். மெத்தைகள் சீட்டை விடப் பத்து சென்றி மீற்றர் தாழ்வாக இருந்தன. அந்தப் பெண் இடைத் துண்டுகளைப் போட்டு ஆறு சென்றி மீற்றர் உயர்த்தினார். "காற்று கூடுதலாகப் பிடிக்குமே?" என்று இவள் கேட்டிருக்கிறாள். "90 கிலோ மீற்றரில் எத்தனை கிலோ மீற்றர் நீ படுத்துக் கொண்டே போனாய்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். பத்துக் கூட இல்லை. மீதி நேரமெல்லாம் வலி தாங்காமல் நிமிர்ந்துதான் ஓட்டியிருக்கிறாள். நிமிர்ந்த உடம்பில் பிடிக்கும் காற்றோடு பார்த்தால் ஆறு சென்றி மீற்றர் ஒரு கணக்கா? எனக்கு இவ்விடயத்தில் மிகவும் பிடித்தது இந்தப் பதில்தான். தவிர, சைக்கிளை விட்டு இறங்கியவுடன் 21 கிலோ மீற்றர் ஓட வேண்டும். முறுகிய இடுப்போடு எப்படி ஓடுவது?

இன்னுமொரு திருத்தம் நான் கேள்விப்படாதது. பெடலைத் தாங்கும் இரும்புக் கையைக் கிரேங்க் என்பார்கள். அவளது சைக்கிளில் அது 170 மில்லி மீற்றர். அதைக் கழற்றி 160 மில்லி மீற்றர் போட்டார்கள். கை 10 மில்லி மீற்றர் குட்டையானால் அடியில் கால் எட்டாது, எனவே சீட்டை அதே 10 மில்லி மீற்றர் உயர்த்த வேண்டும். மேலே வரும்போது பாதமோ 10 மில்லி மீற்றர் கீழேதான் நிற்கும். ஆக, முழங்கால் நெஞ்சுப் பக்கம் ஏறி வரும் தூரத்தில் 20 மில்லி மீற்றர் மிச்சம். வயிற்றில் முட்டாது, மூச்சு தாராளமாக வரும். குட்டையான கிரேங்க் பலத்தைக் குறைத்து விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். கியரை மாற்றிச் சற்று வேகமாகச் சுழற்றினால் அது ஈடாகி விடும். நம் பெண்களின் உயரத்துக்கு இது கேட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று, ஏனெனில் சைக்கிள்களோடு வரும் கிரேங்க் பெரும்பாலும் உயரமானவர்களுக்கே ஏற்றது.

உடையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மருமகள் தொடை வரை வரும் தளர்ந்த மேற்சட்டை அணிகிறாள். ஒவ்வொரு முறை முன்னால் நகரும்போதும் அதன் விளிம்பு சீட்டின் மூக்கில் சிக்கி, உடம்புக்கடியில் சுருண்டிருக்கிறது. சுருண்ட துணியின் தையல் போதும், தோலைக் கிழிக்க! இப்போது இரு பக்கமும் பிளவு வைத்து, பின்பகுதி சற்று நீண்டு, முன்பகுதி சீட்டுக்கு மேலே நிற்கும்படி ராத்தாவே தைத்துக் கொடுத்திருக்கிறார். உள்ளே மெத்தை தைத்த சைக்கிள் காற்சட்டை. அதற்குள்ளே வேறு உள்ளாடை போடக் கூடாது, அதன் தையல்களும் உராயும். ஓட்டி முடித்தவுடன் ஈர உடையோடு பிள்ளைகளுக்குச் சோறு போட நிற்காமல் குளித்து மாற்ற வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் கண்டிப்பான கட்டளை. தலைக்கவசத்தின் கீழ் மெல்லிய ஒற்றைத் துணி, ஊசி குத்தாமல். முன்பு காதுக்கு மேல் குத்திய ஊசி கவசத்தின் அழுத்தத்தில் தலைவலியைக் கொடுத்ததாம். முழுக்க மறைத்த உடையில் இப்போட்டி சாத்தியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: ஷிரின் கெராமி என்ற பெண் 2013 இல் லண்டனில் நடந்த உலகப் போட்டியில், தலையும் உடலும் மறைத்த உடையில், ஈரானின் முதல் ட்ரையத்லன் வீராங்கனையாகக் கலந்து கொண்டார். 2016 இல் ஹவாய்த் தீவின் 180 கிலோ மீற்றர் சைக்கிள் பாதையையும் ஓட்டி, அந்த முழுப் போட்டியையும் நிறைவு செய்தார்.

பொருத்தி முடிந்ததும் எல்லாம் சரியாகி விடவில்லை. கழுத்து ஒரு மாதம் நொந்தது. அது பழகும் வகை நோவு. அதற்காக அந்தப் பெண் கொடுத்த பயிற்சி முறை இலகுவானது. முதல் வாரம் ஐந்து நிமிடம் படுத்து ஓட்டு, ஐந்து நிமிடம் நிமிர். அடுத்த வாரம் பத்துக்கு ஐந்து. பாதையைப் பார்ப்பதற்குத் தலையைத் தூக்காதே, கண்ணை உயர்த்து. இதை வீட்டிலேயே, அசையாத சைக்கிளில், பிள்ளைகள் நித்திரைக்குப் போன பிறகு பழகியிருக்கிறாள். ராத்தா பக்கத்தில் கதிரை போட்டுத் தஸ்பீஹோடு காவல்!

தெருவில் ஓட்டும்போது ஒரு எச்சரிக்கை, இதைப் பெற்றோர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். நீட்டுக் கம்பிகளைப் பிடித்திருக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் பிரேக் இருக்காது. பிரேக் வெளிப்பக்க ஹேண்டிலில்தான் இருக்கும். எனவே வாகனம் நிறைந்த பாதையிலும், வளைவிலும், மற்றவர்களோடு கூட்டமாகப் போகும்போதும் படுத்து ஓட்டவே கூடாது. மருமகள் ஞாயிற்றுக்கிழமை சுபஹுக்குப் பின் கடற்கரையோரமுள்ள பீச் ரோட்டுக்குப் போகிறாள். மெல்பன் சைக்கிளோட்டிகள் எல்லாம் கூடும் பாதை அது. அங்கும் ஆளில்லாத நேரான இடத்தில் மாத்திரமே முழங்கையை ஊன்றுகிறாள்.

பணம் கொடுத்து ஆளிடம் போக வசதியில்லாதவர்கள் என்ன செய்வது? ஒரு கைத்தொலைபேசி, ஒரு அளவு நாடா, ஓர் அலன் சாவிக் கட்டு போதும். வீட்டில் யாராவது பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வீடியோ எடுக்கட்டும். பின்னாலிருந்து பார்த்தால் இடுப்பு ஆடுவது தெரியும், பக்கவாட்டில் பார்த்தால் கை எட்டி எட்டிப் போவது தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றுங்கள், ஐந்து மில்லி மீற்றருக்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்து விட்டு அடுத்ததைத் தொடுங்கள். மாற்றுவதற்கு முன் பழைய இடத்தை அடையாளம் செய்து கொள்ளுங்கள். மருமகள் லாச்சியில் காய்ந்து கொண்டிருந்த நகப்பூச்சால் சீட்டின் கம்பத்தில் கோடு போட்டிருக்கிறாள். நகத்தில் பூசாமல் கம்பத்தில் பூசியதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் பிரேமே உங்கள் உடம்புக்குப் பெரிதாக இருந்தால் எந்தத் திருகாணியாலும் அதைச் சிறிதாக்க முடியாது. பாவித்ததை மலிவு என்று வாங்கும் முன் இதை யோசியுங்கள். எவ்வளவு திருத்தியும், ஓட்டி முடித்த பின் மரத்த தன்மை போகாமல் இருந்தாலோ, புண் பழுத்துக் காய்ச்சல் வந்தாலோ, சைக்கிளைச் சுவரில் சாத்தி விட்டு டொக்டரிடம் போக வேண்டும்.

புண் ஆறி, திருத்தங்கள் முடிந்து ஏழாவது வாரம் மருமகள் 60 கிலோ மீற்றர் ஓட்டினாள். அதில் 45 கிலோ மீற்றருக்கு மேல் முழங்கை ஊன்றியபடியே. வீட்டுக்கு வந்து இறங்கி, குளித்து, கீழே விரிப்பில் லுஹர் தொழுததை ராத்தா என்னிடம் சொன்னபோது அவரது குரல் மாறி விட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

ராத்தா ஊருக்குத் திரும்பி விட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் காலையிலேயே மெல்பனுக்கு அழைப்பு எடுத்து, "இன்றைக்கு எத்தனை கிலோ மீற்றர்?" என்று கேட்கத் தவறுவதில்லை. கழுத்து பலப்பட்டு விட்டதால் இடைத் துண்டில் ஐந்து மில்லி மீற்றரைக் கழற்றிப் பார்க்கலாமா என்று மகள் கேட்டிருக்கிறாள். போட்டி முடியும் வரை ஒன்றையும் தொட வேண்டாம் என்பது ராத்தாவின் தீர்ப்பு. இம்முறை இருவரும் என்னிடம் கேட்கவில்லை.